குப்பை மீனும் துரைமார் மீனும்

‘ஆக்கிரமிப்பு மீன்கள்’ என்ற தொடரை இன்று பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி காண்கிறோம். ஏரிகளையும் ஆறுகளையும் இம்மீன்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் நாளுக்கு நாள் வலுத்து வருகின்றது. கோரிக்கை நியாயமானது, அதில் நமக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆயினும் அத்தொடர் ஓர் உண்மையை மூடி மறைக்கின்றது. மலையையும் நீர்வீழ்ச்சியையும் தாண்டி ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மீன் தானாகக் குடிபெயர்வது மிக அரிது. கால்வாய் வெட்டி வழிசெய்து கொடுத்தால் நீந்தி வருவதுண்டு. ஆனால் கால்வாயை வெட்டியதும் மீனன்று. யாரோ ஒருவர் அதனை எடுத்துச் செல்கிறார். எடுத்துச் செல்லும்படி யாரோ ஒருவர் கட்டளையிடுகிறார். அக்கட்டளையின் பின்னே ஒரு தேவையோ, ஓர் இலாபமோ, சில வேளைகளில் வெறும் பொழுதுபோக்கோ நிற்கின்றது. எனவே ஒரு மீனின் வருகையை ஆராய முற்படுவோர் அதன் பல்லையும் செதிலையும் எண்ணுவதோடு அமைந்துவிடாது, அதனைக் கொண்டு வந்த கை எது என்றும் கேட்டாக வேண்டும்.

இக்கேள்விக்கு மிகத் தெளிவாக விடை பகரும் நீர்நிலை கிழக்காபிரிக்காவின் விக்டோரியா ஏரி.

அவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீற்றர். நமது இலங்கைத் தீவு முழுவதையும் தூக்கி அதனுள் இறக்கினாலும் கரையோரத்திற் சிறிது நீர் எஞ்சும். இன்று கென்யா, உகண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் அதனைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. கரையில் வாழும் லுவோ மக்கள் அதனை ‘நம் லொல்வே’ என்பர். பகண்டா மக்கள் ‘நலுபாலே’ என்பர். 1858 ஆம் ஆண்டில் அதன் தென்கரையை வந்தடைந்த ஜோன் ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர், அங்கு ஏற்கெனவே பெயர்கள் வழங்கியமையைப் பொருட்படுத்தாது, தமது மகாராணியின் பெயரை அதற்குச் சூட்டிச் சென்றார். மீனின் கதையும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடந்தேறியது.

பரப்பிற் பெரிதாயினும் அவ்வேரி ஆழம் குறைந்தது. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் அது வற்றி வறண்டு கிடந்தது என்று அடித்தளச் சேற்றை ஆராய்ந்தோர் கூறுவர். மீண்டும் நீர் நிறைந்த பின், மிகச் சில முன்னோரிடமிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிறுமீன் இனங்கள் அங்கு தோன்றின. ஹப்லோகுரோமின் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் இவற்றைத் தான்சானியக் கரையில் ‘ஃபுரு’ என்பர். உள்ளங்கையில் அடங்கும் மீன்கள். ஒன்று பாறையிற் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். ஒன்று நத்தையின் ஓட்டை உடைத்துத் தின்னும். ஒன்று மற்ற மீனின் செதிலையே கொத்தித் தின்னும். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயினுள் வைத்துக் காக்கும். ஆகையால் ஒரு முறையிற் பெறும் குஞ்சுகள் மிகச் சிலவே. உயிரினங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்ற கேள்விக்கு இயற்கையே நடத்திய பரிசோதனைச் சாலையாக அவ்வேரி விளங்கிற்று. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏரி முழுவதையும் இழுவை வலையால் அரித்து நடத்திய கணக்கெடுப்பில், அடிநீர் மீன்களின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இச்சிறு மீன்களே என்று காணப்பட்டது.

ஆனால் காலனி ஆட்சியின் மீன்பிடி அதிகாரிகளது ஏடுகளில் இவற்றுக்கு வழங்கிய பெயர் வேறு. ‘குப்பை மீன்’ என்பதே அப்பெயர். மிகச் சிறியவை, முள் நிறைந்தவை, சந்தையில் விலை போகாதவை. யாருடைய சந்தையில் என்று எவரும் கேட்கவில்லை. கரையோர மக்கள் இவற்றைப் பிடித்து, வெயிலிற் காயவைத்து, ஆண்டு முழுவதும் உண்டு வந்தனர் என்பது ஏடுகளுக்குப் பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. ஒரு பொருள் ஏற்றுமதிக்கு உதவாதாயின் அது குப்பை. அதனை நம்பி வாழும் மனிதரின் நிலையும் அதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

ஏரியின் சீர்கேடு கொடுவாயோடு தொடங்கவில்லை என்பதையும் இங்கு குறித்தாக வேண்டும். 1901 இல் மொம்பாசாவிலிருந்து வந்த ரயில்பாதை ஏரிக்கரையைத் தொட்டது. சில ஆண்டுகளில் ஐரோப்பிய நூலிற் பின்னிய செவுள்வலைகள் வந்திறங்கின. நாணற்பறியும் பப்பிரசுத் தண்டும் கொண்டு நடந்த பழைய மீன்பிடி, கிராமத்தின் தேவைக்கும் பருவத்தின் போக்குக்கும் கட்டுப்பட்டிருந்தது. புதிய வலையோ நகரச் சந்தைக்காக வீசப்பட்டது. கரையோர மக்கள் பெரிதும் விரும்பி உண்ட ‘ங்கெகே’ என்னும் மீன், நமது நாட்டில் இன்று திலாப்பியா எனப்படுவதன் உறவினம், முதலில் அருகத் தொடங்கியது. 1927-28 இல் மைக்கல் கிரகாம் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஏரியை ஆராய்ந்து, ஐந்து அங்குலத்துக்குக் குறைந்த கண்ணுடைய வலைகளைத் தடைசெய்ய வேண்டும் என்று விதந்துரைத்தார். விதி வந்தது, ஆனால் நிலைத்து நிற்கவில்லை. 1950 களின் நடுப்பகுதி தொடக்கம் கரையோர ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதனைக் கைவிட்டன. வலைக்கண் சிறுத்தது, மீன் மேலும் குறைந்தது.

இவ்வாறு வெறுமையாக்கிய ஏரியை நிரப்ப அதிகாரிகள் கண்ட வழிதான் நைல் கொடுவா. நமது கழிமுகங்களில் ‘கொடுவா’ எனப்படும் மீனும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நைல் கொடுவா இரண்டு மீற்றர் நீளமும் இருநூறு கிலோ எடையும் வரை வளரவல்லது. நைல் நதியின் மேற்பகுதியில் உள்ள மேர்ச்சிசன் நீர்வீழ்ச்சி அதனைக் கீழேயே தடுத்து நிறுத்தியிருந்தது. அவ்வீழ்ச்சிக்கு மேலே அதனைக் கொண்டு சென்றால், குப்பை மீனைத் தின்று விலைமீனாக மாற்றித் தரும் என்பது உகண்டாவின் வேட்டை, மீன்பிடி இலாகாவினரின் வாதம். தூண்டில் விளையாட்டில் நாட்டங்கொண்ட துரைமாருக்கு இத்தகைய பெருமீன் வேறுவகையிலும் உவப்பானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. ஜின்ஜாவில் அமைந்த கிழக்காபிரிக்க மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஜெஃப்ரி ஃபிரையர் 1960 இல் இத்திட்டத்தை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். மாணவர் எவருக்கும் விளங்கக்கூடிய வாதம் அது. ஒரு இறாத்தல் கொன்றுண்ணி மீன் வளர்வதற்குப் பல இறாத்தல் சிறுமீன் அழிய வேண்டும். உணவுச் சங்கிலியின் மேற்படிக்குப் போகப் போக விளைச்சல் சுருங்கும். உண்பதற்கு மாட்டை வளர்ப்பார்களேயன்றி, மாட்டைக் கொடுத்துப் புலியை வளர்த்து அதன் இறைச்சியை எவரும் விற்கமாட்டார்கள். ஏரியின் ஐந்நூறு இனங்களுக்கு என்ன நேரும் என்பதும் அப்போதே எடுத்துச் சொல்லப்பட்டது. எனவே பின்னாளில் ‘எவரும் அறியாமல் நேர்ந்த விபத்து’ என்று கூறியோரின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

அவ்வாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே மீன் ஏரிக்குள் வந்துவிட்டது என்பதுதான் விந்தை. 1960 இல் விக்டோரியா ஏரியில் நைல் கொடுவா பிடிபட்டது. எவ்வாறு வந்தது? தற்செயலாகத் தப்பி வந்திருக்கலாம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை உண்மையை அவிழ்த்தது. அவ்விலாகாவில் பணிபுரிந்த ஓர் ஆபிரிக்கக் கடைநிலை ஊழியர், 1954 இல் மேலதிகாரிகளின் கட்டளைப்படி தாமே மீனை ஏரியில் இறக்கியதாக முதுமையில் ஆய்வாளரிடம் கூறியிருந்தார். எந்த மன்றத்திலும் விவாதிக்காமல், எந்த மீனவரிடமும் கேட்காமல், மூன்று நாடுகளுக்குரிய ஏரி ஒன்றின் விதி ஓர் இலாகாவின் உள்ளறையில் முடிவாயிற்று. கட்டளையிட்டோரின் பெயர்கள் மங்கிப்போக, அதனை நிறைவேற்றிய கறுப்பு ஊழியரின் நினைவே சாட்சியாக எஞ்சியது என்பதையும் வரலாற்று மாணவர் கவனிப்பாராக.

1962 இலும் 1963 இலும் உகண்டாக் கரையிலும் கென்யாக் கரையிலும் கொடுவா பகிரங்கமாகவே விடப்பட்டது. உகண்டா விடுதலை பெற்றது 1962 இல். கென்யா 1963 இல். கொடி மாறிற்று, இலாகாவின் கோப்பு மாறவில்லை.

சுமார் இருபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. பின்னர், 1970 களின் இறுதியில் கென்யாவின் நியான்சா குடாவிலும், 1980 களின் நடுப்பகுதிக்குள் தெற்கே தான்சானியாவின் முவான்சா குடாவிலும் கொடுவா வெள்ளம்போற் பெருகியது. முவான்சாவில் ஃபுருக்களை ஆராய்வதற்கென வந்திருந்த ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தினர் தாம் வகைப்படுத்திக்கொண்டிருந்த இனங்கள் கண்ணெதிரே மறைவதைப் பதிவு செய்யும் நிலைக்கு ஆளாயினர். வலையில் எழுந்த எடையில் ஐந்தில் நான்கு பங்காயிருந்த சிறுமீன் நூற்றில் ஒன்றிரண்டாகச் சுருங்கியது. ஏறத்தாழ இருநூறு இனங்கள் அழிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டனர். விஞ்ஞானம் பெயரிடுமுன்பே அவற்றுட் பல போயின.

பழி முழுவதையும் கொடுவாயின் மேற் சுமத்துவதும் சரியன்று. அதற்கு முன்பே முவான்சாவில் இழுவைப் படகுகள் ஃபுருவை வாரிக் கொண்டுபோய்க் கால்நடைத் தீவனத்துக்காக ஆலையில் அரைத்துக்கொண்டிருந்தன. கரைநாடுகளின் காடுகள் பணப்பயிருக்காக அழிந்தன. மழை அம்மண்ணையும் உரத்தையும் ஏரிக்குள் கொண்டுவந்து சேர்த்தது. பாசி தடித்தது, ஆழ்நீரிற் பிராணவாயு குன்றியது. பாசியையும் மட்கையும் தின்ற ஃபுருக்கள் மறைந்தமையும் இந்நிலை முற்றுவதற்குத் துணைபோயிற்று. பெண்மீன் தன் இனத்து ஆணை நிறத்தைக் கண்டே தேர்ந்து கொள்ளும். கலங்கிய நீரில் நிறம் தெரியாமற் போகவே, கொடுவாயின் வாய்க்குத் தப்பிய இனங்களும் ஒன்றோடொன்று கலந்து தனித்தன்மை இழந்தன என்று 1990 களில் ஆய்வுகள் காட்டின. மண்ணின் சுரண்டலையும் நீரின் அழிவையும் தனித்தனி அதிகாரமாகப் படிப்பது பாடத்திட்டத்தின் வசதிக்கே ஒழிய, ஏரியில் அவை ஒன்றாகவே நிகழ்ந்தன.

ஆயினும் மறுதரப்பின் வாதத்தை நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். மீன்பிடி குறையும் என்று அஞ்சியோரின் அச்சம் பலிக்கவில்லை. முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தொன்னாக இருந்த ஏரியின் மொத்தப் பிடிப்பு, 1980 களின் இறுதியில் ஐந்து லட்சம் தொன்னை எட்டியது. ‘பார்த்தீர்களா, துரைமார் செய்தது சரிதானே!’ என்று கொண்டாடியோர் பலர். வேலை பெருகியதும் உண்மை. கரையிற் காசு புழங்கியதும் உண்மை. உண்மையிலேயே கேட்கவேண்டியது, அந்த ஐந்து லட்சம் தொன்னும் எங்கே சென்றது என்பதாகும்.

ஃபுருவை வெயிலிற் காயவைக்கலாம். கதிரவன் கூலி கேட்பதில்லை. கொடுவா கொழுப்பு மிகுந்த பெருமீன். அது வெயிலிற் காயாது. பொரிக்கவோ புகையூட்டவோ வேண்டும். எண்ணெயும் விறகும் வேண்டும். கரையோரத்தில் மீனை வாங்கிப் பதப்படுத்தி விற்றவர்கள் பெண்கள். இச்செலவைச் சிறிது காலம் அவர்கள் தாங்கினர். 1980 களில் வெளிநாட்டு உதவிகளோடும் கடன்களோடும் ஏற்றுமதி ஆலைகள் எழுந்தன. குளிரூட்டிய லொறிகள் கரைக்கு வந்து மீனை மொத்தமாக எடைபோட்டு ஏற்றின. வெட்டிய சதைத்துண்டு ஐரோப்பாவுக்கும் யப்பானுக்கும் மத்திய கிழக்குக்கும் பறந்தது. காற்றுப்பை உலர்ந்து சீனச் சந்தைக்குச் சென்றது. இக்காற்றுப்பையின் விலை இன்று சதையின் விலையைப் பன்மடங்கு விஞ்சி நிற்கின்றது. தலையும் முதுகெலும்பும் ஆலை வாசலில் எஞ்சின. கென்யாவின் கிசுமு நகரில் அதற்கு ‘ம்கொங்கோ வாசி’ என்று பெயர். சுவாகிலி மொழியில் ‘வெற்று முதுகு’ என்பது பொருள். ஏரிக்கரைப் பெண்கள் அவ்வெற்று முதுகை வாங்கி, ஒட்டிய சதையோடு பொரித்து, ஏழைகளுக்கு விற்றுப் பிழைத்தனர். முன்பு தமது சிறுமீன் குப்பை எனப்பட்ட கரையில், இப்போது பிறர் உண்ட மீனின் குப்பையே அவர்களுக்கு உணவாயிற்று.

ஏற்றுமதியை நம்பிய வாழ்வின் உறுதியின்மையும் விரைவில் வெளிப்பட்டது. 1997 முதல் 2000 வரை, வாந்திபேதிப் பயத்தாலும் மீன்பிடியில் நஞ்சு கலந்த செய்தியாலும் ஐரோப்பிய நாடுகள் பலமுறை இறக்குமதியைத் தடுத்தன. தீர்ப்பு எழுதப்பட்டது ஐரோப்பாவில். அடுப்பு அணைந்தது ஏரிக்கரைக் குடிசைகளில்.

பின்னர், வழக்கம்போலவே, கொடுவாயும் குறையத் தொடங்கியது. இப்போது அதனைப் பாதுகாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் எனச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த பட்டியலில் இடம்பெற்ற மீன், மூன்று நாடுகளின் சட்டங்களாற் காக்கப்படும் செல்வமாயிற்று! இம்முரண்பாட்டுக்குத் தீர்வு காணக் கரைதோறும் மீனவர் குழுக்கள் அமைந்தன. நல்ல முயற்சிதான். ஆனால் உகண்டாவில் 2015 இல் அவை இடைநிறுத்தப்பட்டன. 2017 இல் சட்டவிரோத மீன்பிடியை ஒடுக்க இராணுவம் ஏரியில் இறங்கியது. 28 அடிக்குக் குறைந்த படகுகளும் தடுக்கப்பட்ட வலைகளும் தீக்கிரையாயின. ஆலைகளுக்கு மீன் வரத்து உயர்ந்தது என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். சிறு படகை அன்றிப் பெரும் படகு வாங்க வகையற்றவர்கள் ஏரியை விட்டு அகன்றனர். வலையின் கண்ணை அளக்கும் கருவி உண்டு. படகை எரித்தபின் ஒரு குடும்பம் எவ்வாறு உண்ணும் என்பதை அளக்கும் கருவி எந்த இலாகாவிடமும் இருந்ததில்லை.

நமது நாட்டு வாசகர் இங்கு ஒன்றை எண்ணியிருப்பர். அதே ஆபிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்டதே, அதுவும் இத்தகைய கேடுதானா? அதே ஆண்டில் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கும் அம்மீன் கொண்டுசெல்லப்பட்டது. தமிழகத்தில் இன்று ‘ஜிலேபி’ என்று வழங்குவது அதுவே. 1959 இல் இந்திய மீன்பிடி ஆராய்ச்சிக் குழு அதனை மேலும் பரப்பலாகாது என்று தடுத்தபோது மீன் குளங்களில் நிலைகொண்டு விட்டது. மேற்குறித்த நூறின் பட்டியலில் அதுவும் உண்டு.

ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. இலங்கையில் இயற்கையான பேரேரிகள் இல்லை. பராக்கிரம சமுத்திரம் போன்ற வறண்ட வலயக் குளங்கள் மனித உழைப்பால் உருவானவை. நமது ஆற்றுமீன்களிற் பெரும்பாலானவை அவற்றின் திறந்த நீர்ப்பரப்பைத் தமதாக்கிக் கொள்ளவில்லை. அவ்வெற்றிடத்தில் திலாப்பியா பெருகி, கடலுக்குத் தொலைவிலுள்ள ஏழை உழவனின் கறிச்சட்டியை அடைந்தது. வெட்டி ஏற்றுமதி செய்ய ஆலை வரவில்லை. பிடித்த ஊரிலேயே அது உண்ணப்பட்டது. இவ்வேறுபாடு சிறிதன்று. மாறாக, மலைநாட்டில் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் தமது தூண்டில் விளையாட்டுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓடைகளிற் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் எவருடைய பசியையும் தீர்த்ததில்லை. கொழுந்து பறித்த தொழிலாளிக்கு அதைப் பிடிக்கும் உரிமையும் இருந்ததில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடைகளில் அது இன்றும் உண்டு. இக்காலத்திலோ துரைமாரின் இடத்தை அலங்கார மீன் வாணிபம் பிடித்துள்ளது. கண்ணாடித் தொட்டியைத் துப்புரவாக்கும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறும், தென்கிழக்காசியாவின் கத்தி மீனும் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் நமது ஆறுகளையும் குளங்களையும் அடைந்துவிட்டன. ஈரவலய ஓடைகளிலோ உலகில் வேறெங்கும் காணாத சிறுமீன்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் சந்தையில் விலை கிடையாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மீன் ஒருமுறை நிலைகொண்டபின் அதனை வேரறுப்பது பெருநீர்நிலைகளில் இயலாத காரியம். விக்டோரியா ஏரியிலிருந்து கொடுவாயை அகற்றும் திட்டம் எவரிடமும் இல்லை. அகற்றினால் அதனை நம்பிய இலட்சக்கணக்கானோரின் கதி என்ன என்ற கேள்விக்கும் விடை இல்லை. ஆகவே காத்தல் என்பது பெரும்பாலும் மீன் இறங்குவதற்கு முன் நிகழவேண்டிய செயல். கப்பற்றுறையிலும் மீன்பண்ணையிலும் வியாபாரியின் தொட்டியிலும் அது தொடங்க வேண்டும். கரையில் வாழ்வோர் அறியாமல் எந்த இலாகாவும் எந்தக் கம்பனியும் ஒரு புதிய மீனை நீரில் விடலாகாது என்ற விதி அதற்கு வேண்டும். மீனவரின் அறிவை அடிப்படையாகக் கொள்ளாத விதி ஏட்டளவில் நிற்கும் என்பதைக் கிரகாமின் ஐந்தங்குல வலையே காட்டிற்று.

காத்தலின் மற்றொரு பகுதி, எஞ்சியதை எஞ்ச விடுவது. 1990 களில் கொடுவா மிகையாகப் பிடிபடவே, சில ஃபுரு இனங்கள் மீண்டும் தலைகாட்டின. அவற்றுள் ஒன்றின் செவுள் முன்னிலும் அகன்றிருந்தமை கண்டு ஆய்வாளர் வியந்தனர். பிராணவாயு குன்றிய நீருக்கு அது தன்னைத் தகவமைத்துக் கொண்டது. பாறை இடுக்குகளிலும் பப்பிரசுச் சதுப்புகளிலும் வேறு சில பிழைத்தன. பிராணவாயு குறைந்த சதுப்பு நீரில் கொடுவாயால் மூச்சுவிட முடிவதில்லை. கொன்றுண்ணியைத் தடுக்கும் வேலியாக அச்சதுப்பே நின்றது.

கென்யக் கரையில் யாலா என்றொரு சதுப்பு உண்டு. நமது யால வனத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. அதன் நடுவே கன்யாபோலி என்னும் சிற்றேரி இருக்கின்றது. பேரேரியில் ஏறத்தாழ முற்றாக மறைந்துபோன ங்கெகே அங்கு வாழ்கின்றது. அச்சதுப்பின் ஒரு பகுதியைப் பயிர்நிலமாக்குவதற்காக முன்னரே நீரை வடித்துவிட்டனர். 2003 அளவில் மேலும் ஒரு பெரும்பகுதி அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கு நெற்பண்ணைக்காகக் குத்தகைக்குப் போயிற்று. அக்கம்பனி பின்னர் வெளியேறிவிட்டது. சதுப்பின் நிலம் எவருக்கு என்ற வழக்கு அதன் பின்னும் ஓயவில்லை. கன்யாபோலிக் கரையின் லுவோ மீனவர்கள் பப்பிரசு வேலிக்கு உட்புறத்தில் ங்கெகேயைப் பிடித்து உண்டு வருகின்றனர்.